தேய்ந்த எழுத்தின் கதை



சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் தோட்டத்துப் பள்ளிக்கூட வாழ்க்கையைப் பற்றிய சிறு கண்காட்சி ஒன்றை நடத்தினோம். பழைய நிழற்படங்கள், மணி, கரும்பலகை, மதிப்பெண் ஏடுகள் எனப் பெற்றோர் தேடிக் கொணர்ந்த பொருள்களை மண்டபத்தில் அடுக்கி வைத்தோம். அதற்கான சுவரொட்டியை எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் கணினியில் வடிவமைத்துக் கொடுத்தார். தடித்து, நெடிதுயர்ந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும் எழுத்துகள். அவற்றின்மேல் வெள்ளைக் கீறல்கள், உதிர்ந்த ஓரங்கள், மை ஒட்டாத திட்டுகள். பழமைத் தோற்றம் வேண்டுமென்று அந்த எழுத்துருவைத் தேர்ந்ததாகச் சொன்னார். எனக்கும் பிடித்திருந்தது. நுழைவாயிலில் ஒட்டினோம்.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அதன் எதிரே சற்று நேரம் நின்றுவிட்டு என்னிடம் வந்தாள்.

"ஐயா, அந்தக் காலத்துல அவங்களுக்கு ஒழுங்கா அச்சடிக்கத் தெரியாதா?"

உடனே மறுமொழி சொல்ல இயலவில்லை. முன்னோரைப் பெருமைப்படுத்த நினைத்துச் செய்த சுவரொட்டி, அவர்கள் கைத்திறன் அற்றவர்கள் என்று ஒரு குழந்தைக்குச் சொல்லியிருக்கிறது. அவளுக்குச் சரியான விடை கூற வேண்டுமென்றால் இந்தத் தேய்ந்த எழுத்தின் வரலாறு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை.

உரக்கப் பேசும் எழுத்து

ஐரோப்பாவில் அச்சுக்கலை தோன்றிய பின்னர் நெடுங்காலம் எழுத்து என்றால் நூலுக்குரிய எழுத்தே. கையில் ஏந்தி அமைதியாகப் படிப்பதற்கு உரிய அளவில் அது இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆலைகள் பெருகின, நகரங்கள் வீங்கின, நாடகக் கொட்டகை, பரிசுச்சீட்டு, ஏலம், வண்டிப் பயணம் என ஒவ்வொன்றும் தெருவில் போகிறவரை அழைக்க வேண்டியதாயிற்று. நூலெழுத்து அந்தப் பணிக்குப் போதவில்லை.

இலண்டன் எழுத்து வார்ப்பாளர்கள் புதிய உருவங்களைப் படைத்தனர். இராபர்ட் தோர்ன் போன்றோர் பருத்த எழுத்துகளை வார்த்தனர். 1810களில் வின்சென்ட் பிகின்ஸ், முனைகளில் தடித்த பட்டைகள் பொருந்திய எழுத்தை வெளியிட்டார். 1816ஆம் ஆண்டு வாக்கில் நான்காம் வில்லியம் கேஸ்லான், முனைப்பட்டைகளே இல்லாத ஓர் எழுத்தைத் தம் மாதிரி நூலில் காட்டினார். அந்த வகை எழுத்துக்கு அமெரிக்காவில் பின்னர் 'காதிக்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. எங்கள் சுவரொட்டியில் நின்ற எழுத்து அக்குடும்பத்தின் வழித்தோன்றலே.

ஆனால் ஈயத்தில் பெரிய எழுத்து வார்ப்பது எளிதன்று. உருக்கிய உலோகம் சீராகக் குளிராமல் முகத்தில் பள்ளம் விழும். கையகலப் பெரிய எழுத்துகள் சிலவற்றைக் கோத்தாலே பாரம் தாங்காது. விலையும் அதிகம். சிறு நகரத்து அச்சகத்தாரால் அவற்றை வாங்கவும் இயலாது. வாங்கினாலும் தூக்கிப் புழங்க இயலாது.

மேப்பிள் மரமும் ஒரு கருவியும்

மரத்தில் எழுத்துச் செதுக்கும் வழக்கம் பழமையானது. சீனாவில் வாங் சென் என்பவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தனித்தனி மர எழுத்துகளைக் கொண்டு அச்சிட்டவர். எனினும் ஒவ்வோர் எழுத்தையும் கையால் செதுக்கினால் ஒன்றுபோல் மற்றொன்று அமையாது, காலமும் மிகுதியாகும்.

இத்தடையை நீக்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த டேரியஸ் வெல்ஸ். 1827இல் அவர் விரைந்து சுழலும் கூர்முனையால் மரத்தைக் கடைந்தெடுக்கும் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கினார். மறு ஆண்டு, 1828இல், தம் மர எழுத்துகளின் விலைப்பட்டியலை வெளியிட்டார். அமெரிக்க மர எழுத்துத் தொழிலின் பிறப்பை ஆய்வாளர்கள் அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகின்றனர். 1834இல் வில்லியம் லெவன்வொர்த் என்பவர் அக்கருவியுடன் பாண்டோகிராப் என்னும் படியெடுக்கும் சட்டத்தை இணைத்தார். ஒரு முனை மாதிரி எழுத்தின் விளிம்பைத் தடவிச் செல்லும். மறுமுனை அதே வடிவத்தை வேண்டிய அளவில் மரத்தில் கடையும். ஒரே மாதிரியிலிருந்து சிறிதும் பெரிதுமாக எத்தனை எழுத்துகள் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

மரத்தைத் தேர்வதில் பெரும் கவனம் காட்டினர். கடினமான மேப்பிள் மரத்தை நீளவாக்கில் பலகையாக அறுக்காமல், குறுக்காக வட்டத் துண்டுகளாக அறுத்தனர். அப்போது மரநாரின் முனைகளே எழுத்தின் முகமாக அமையும்; அது எளிதில் நசுங்காது. துண்டுகளை நெடுநாள் உலர்த்தி, அச்செழுத்துக்குரிய உயரத்திற்கு இழைத்து, மேற்பரப்பை மெருகேற்றினர். அமெரிக்க அச்செழுத்தின் உயரம் 0.918 அங்குலம். ஓர் எழுத்து அதைவிட மயிரிழை தாழ்ந்தாலும் மை சரியாக விழாது. இத்தகைய நுட்பத்தோடு மரத்தை வெட்டியவர்களையா ஒழுங்காக அச்சடிக்கத் தெரியாதவர்கள் என்பது?

1880இல் விஸ்கான்சின் மாநிலத்தின் டூ ரிவர்ஸ் என்னும் ஊரில் ஜே. இ. ஹாமில்டன் தம் தொழிலைத் தொடங்கினார். ஹோலி மரத்தின் மெல்லிய தகட்டில் எழுத்தை அறுத்து, அதை மலிவான மரக்கட்டையின்மேல் ஒட்டி, குறைந்த விலைக்கு விற்றார். பின்னாளில் அவருடைய நிறுவனமும் மேப்பிள் முனைமரத்திற்கு மாறியது. போட்டியாளர்களை ஒவ்வொருவராக விலைக்கு வாங்கியது. அவர்களுள் புகழ்பெற்ற வில்லியம் பேஜ் நிறுவனம் 1891இல் ஹாமில்டன் வசமாயிற்று. நூற்றாண்டு முடியும் தறுவாயில் அமெரிக்க மர எழுத்துத் தொழிலில் பெரும்பங்கு அந்தச் சிற்றூரிலேயே இருந்தது.

எழுத்து ஏன் ஒடுங்கியது?

மாணவர்களுக்கு இதை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. நான்கடி அகலத்தில் இரண்டு கோடுகள் இழுப்பேன். மேல்வரியில் 'ஏலம்' என்று எழுதச் சொல்வேன். கீழ்வரியில் 'திருவனந்தபுரம்' என்று எழுதச் சொல்வேன். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் வரியின் இரு முனைகளையும் தொட வேண்டும். உடனே அவர்களுக்கே வழி தெரிந்துவிடும். முதற்சொல்லின் எழுத்துகளை அகட்டுவார்கள். இரண்டாவதன் எழுத்துகளை ஒடுக்குவார்கள்.

அச்சகத்தாரின் நெருக்கடியும் இதுதான். தாளின் அகலம் மாறாதது. தொலைவிலிருந்து தெரிய வேண்டுமானால் உயரத்தைக் குறைக்க இயலாது. ஆகவே எழுத்தை அகலத்தில் ஒடுக்கினர். ஒடுக்கிய எழுத்து மெலிந்தால் கண்ணுக்குப் படாது என்பதால் நிமிர்ந்த கோடுகளைத் தடிக்கச் செய்து, இடையிலுள்ள வெள்ளையைச் சிறு பிளவாக்கினர். மர எழுத்து நிறுவனங்கள் ஒரே வடிவத்தைப் பல அகலங்களில் விற்றன. நீண்ட ஊர்ப்பெயர் வந்தால் ஒடுங்கியதையும், குறுஞ்சொல் வந்தால் அகன்றதையும் அச்சுக்கோப்பவர் எடுத்துக்கொள்வார். பழைய சுவரொட்டிகளில் வரிக்கு வரி எழுத்து மாறுவதைக் கண்டு அதை அலங்கார ஆசை என்று எண்ணியிருந்தேன். பல இடங்களில் அது வரியை நிரப்பும் வழியாகவே இருந்திருக்கிறது.

சுவரில் ஒட்டப்பட்ட உயிர்கள்

இவ்வெழுத்துகளைக் கண்டால் இன்று நமக்குக் குதிரை வீரர்களும் திரைப்படக் கொள்ளையர்களும் நினைவுக்கு வருகிறார்கள். உண்மையில் அவை சுமந்த செய்திகள் விளையாட்டானவை அல்ல.

1850இல் அமெரிக்காவில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரியவரிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்னும் கொடிய சட்டம் இயற்றப்பட்டது. விடுதலை மாநிலங்களிலும் அது செல்லுபடியானது. 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸ் என்னும் இளைஞரைப் பாஸ்டன் நகரில் பிடித்து ஜார்ஜியாவுக்குத் திருப்பியனுப்பினர். அதே மாதம் 24ஆம் நாளிட்ட சுவரொட்டி ஒன்று பாஸ்டனில் ஒட்டப்பட்டது. அந்நகரின் கறுப்பின மக்களை விளித்து, காவலர்களோடு பேச்சுக் கொடுக்க வேண்டாம், அவர்கள் இப்போது ஆள்பிடிப்போராக அதிகாரம் பெற்றுள்ளார்கள், விழிப்பாக இருங்கள் என்று அது எச்சரித்தது. அதை எழுதியவர் தியடோர் பார்க்கர் என்னும் சமயப் போதகர் என்பர். உச்சியிலுள்ள தடித்த எழுத்துகள் அங்கே அழகுக்காக நிற்கவில்லை. தெருவைக் கடப்பவர் ஒரு நொடியில் படித்துத் தப்பிக்க வேண்டும் என்பதற்காக நின்றன. அதே காலத்தில், அதே போன்ற தடித்த எழுத்துகளால் அடிமை ஏல அறிவிப்புகளும் தப்பியோடியவரைப் பிடித்துத் தருவோருக்குப் பரிசு அறிவிப்புகளும் அச்சாயின. எழுத்துக்கு நீதி அநீதி தெரியாது. கோத்தவருக்கும் ஒட்டியவருக்கும்தான் தெரியும்.

1865 ஏப்ரல் 14 இரவு அதிபர் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டார். ஏப்ரல் 20ஆம் நாளிட்டுப் போர்த்துறை வெளியிட்ட சுவரொட்டி 1,00,000 டாலர் பரிசு அறிவித்தது. சுட்டவரான ஜான் வில்க்ஸ் பூத்துக்கு 50,000 டாலர். உடந்தையாளர் எனத் தேடப்பட்ட இருவருக்குத் தலைக்கு 25,000 டாலர். ஆறு நாள் கழித்துப் பூத் வர்ஜீனியாவில் ஒரு களஞ்சியத்தில் சுடப்பட்டு இறந்தார்.

இத்தகைய அறிவிப்பில் ஓர் எழுத்து உடைந்து தெரிந்தால் பெயரும் தொகையும் மாறிப்போகும். வேண்டுமென்றே எழுத்தைச் சிதைத்து அச்சிட எவர் துணிவார்?

தேய்மானம் வந்த வழி

அப்படியானால் பழைய தாள்களில் நாம் காணும் கீறல்கள் எங்கிருந்து வந்தன?

முதற்காரணம் உழைப்பு. ஓர் அச்சகம் வாங்கிய மர எழுத்துத் தொகுதி ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ அன்று, தலைமுறைகளுக்கு உழைத்தது. ஆங்கிலத்தில் 'ஈ' என்னும் எழுத்து அடிக்கடி வருவதால் அது முதலில் தேயும். 'எக்ஸ்', 'இசட்' போன்றவை பெட்டியில் புதிதாகவே கிடக்கும். இரண்டாவது, கையாளுகை. கட்டை கீழே விழும், இரும்புச் சட்டத்தில் மோதும், விளிம்பு உடையும். மூன்றாவது, மரத்தின் இயல்பு. ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், வெடிக்கும்; பூச்சி துளைக்கும். அந்தத் துளை அச்சில் வெள்ளைப் புள்ளியாக விழும். நான்காவது, தாள். சுவரொட்டி ஒரு வாரம் வாழ்ந்தால் போதும் என்று மலிவுத் தாளில் அடித்தது. மழையும் வெயிலும் மடிப்பும் அதைச் சிதைத்தன.

இவற்றை எதிர்த்து அச்சகத்தார் நாள்தோறும் போராடினர். முதற்படியை அடித்துப் பார்ப்பர். எந்த எழுத்து மங்கியிருக்கிறதோ அதற்கடியில் மெல்லிய தாள் துண்டை ஒட்டி உயர்த்துவர். மீண்டும் அடித்துப் பார்ப்பர். இன்னும் மங்கினால் இன்னொரு துண்டு. சில வேலைகளில், அச்சடிக்கும் நேரத்தைவிட இப்படி எழுத்துகளைச் சமன் செய்யும் நேரமே மிகுதியாகும். ஓர் எழுத்துப் போதவில்லை என்றால் வேறொன்றைத் தலைகீழாக்கி வைப்பர். அதுவும் இயலாவிடில் கையால் ஒன்று செதுக்குவர்.

எனவே அந்தச் சுவரொட்டி ஒட்டப்பட்ட நாளில் பழையதாக இருக்கவில்லை. இயன்றவரை கருமையாகவும் முழுமையாகவும் அச்சான புத்தம்புதிய தாளாகவே இருந்தது. நாம் காணும் கிழிசலும் மங்கலும் இடையில் கழிந்த காலத்தின் கைவரிசை. தேய்ந்த எழுத்துரு முன்னோரின் அச்சைப் போலச் செய்வதில்லை. எஞ்சிய தாள் நம் கைக்கு வந்து சேர்ந்த நிலையைப் போலச் செய்கிறது.

ஓர் ஆசிரியரின் தேடல்

இருபதாம் நூற்றாண்டில் மர எழுத்து மதிப்பிழந்தது. புதிய அச்சு முறைகள் வந்தபின் பல ஊர்களில் அது அடுப்பெரிக்கப் போயிற்று. அதை மீட்டவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆசிரியர் என்பதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மினியாபொலிஸ் கலைப்பள்ளியில் கற்பித்த ராப் ராய் கெல்லி, 1950களில் தம் மாணவர்களின் அச்சுப் பயிற்சிக்காகப் பழைய மர எழுத்துகளைச் சேகரித்தார். அவை எங்கே, எப்போது செய்யப்பட்டன என்னும் வினாக்களுக்குத் தொகுத்த விடை எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே தாமே தேடினார். 1828 முதல் 1900 வரையிலான அமெரிக்க மர எழுத்தைப் பற்றிய அவருடைய பெருநூல் 1969இல் வெளிவந்தது. அவர் திரட்டிய எழுத்துகள் இன்று ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. டூ ரிவர்சில் 1999இல் ஹாமில்டன் மர எழுத்து அருங்காட்சியகமும் தோன்றியது.

நாஷ்வில் நகரில் 1879இல் தொடங்கப்பட்ட ஹேட்ச் ஷோ பிரிண்ட் அச்சகம் மற்றொரு வழியைக் கண்டது. பழைய எழுத்துகளைக் கண்ணாடிப் பேழையில் பூட்டாமல், அவற்றைக் கொண்டே இன்றும் இசை நிகழ்ச்சிச் சுவரொட்டிகளை அச்சிடுகிறது. பயன்படுத்துவதே பாதுகாப்பு என்பது அதன் கொள்கை. அங்கே அச்சாகும் தாளில் ஒரு கீறல் விழுந்தால், அது என்றோ ஒரு நாள் யார் கையிலிருந்தோ நழுவிய கட்டையின் கீறல்.

கணினி தந்த காயம்

கணினியில் எழுத்துரு வடித்தோர் 1990களில் இந்தத் தேய்மானத்தின்மேல் ஆசை கொண்டனர். எல்லாம் மாசற்றுத் தெரிந்த திரையில் மாசுக்கு ஒரு கவர்ச்சி பிறந்தது. நெதர்லாந்தின் எரிக் வான் பிளாக்லண்ட் பழைய தட்டச்சுப் பொறியின் அழுக்கெழுத்தை அப்படியே எடுத்து 1991இல் டிரிக்சி என்னும் எழுத்துருவை வெளியிட்டார். அதன் பின்னர் தேய்ந்த மர எழுத்து, கிழிந்த முத்திரை, மங்கிய அச்சு என்று எண்ணற்றவை வந்தன.

இவற்றில் ஒரு குறை உண்டு. மர எழுத்துப் பெட்டியில் பத்து 'ஈ' இருந்தால் பத்துக்கும் பத்து விதமான காயம். எளிய எழுத்துருவிலோ ஓர் எழுத்துக்கு ஒரே காயம். அது வரும் இடமெல்லாம் அதே இடத்தில் அதே கீறல். எங்கள் சுவரொட்டியைப் பிறகு உற்றுப் பார்த்தேன். ஐந்து 'ட'கரங்களிலும் இடக்கால் ஒரே இடத்தில் பெயர்ந்திருந்தது. இக்குறையைப் போக்கவே, ஓர் எழுத்துக்குப் பல மாற்று வடிவங்களை வைத்து முறைமாற்றிக் காட்டும் எழுத்துருக்கள் பின்னர் வந்தன. பிளாக்லண்டும் ஜஸ்ட் வான் ரோசமும் அதற்கு முன்பே, அச்சிடும் ஒவ்வொரு முறையும் தன் விளிம்பைத் தானே மாற்றிக்கொள்ளும் பேவுல்ஃப் என்னும் எழுத்துருவைப் படைத்திருந்தனர்.

தமிழுக்கு வரும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. உரோமன் எழுத்தில் ஒரு துணுக்கு உதிர்ந்தால் சொல் கெடுவது அரிது. நம் எழுத்தில் புள்ளி உதிர்ந்தால் மெய், உயிர்மெய்யாகிவிடும். எங்கள் சுவரொட்டியில் 'பள்ளி' என்னும் சொல்லின் புள்ளியைத் தேய்மானம் விழுங்கியிருந்தது. பெரியவர்கள் கவனிக்கவில்லை; பழக்கத்தால் படித்துவிட்டோம். எழுத்துக்கூட்டிப் படிக்கும் முதலாம் ஆண்டுக் குழந்தைகள்தாம் 'பளளி' என்று படித்துச் சிரித்தார்கள். 'கல்வி'யில் புள்ளி போயிருந்தால் பள்ளிச் சுவரில் ஒட்டத்தகாத சொல்லே ஆகியிருக்கும்! ஒடுக்குவதிலும் இதே கவனம் வேண்டும். 'ண', 'ஞ' போன்ற சுழி மிகுந்த எழுத்துகளைத் தடிக்கவும் ஒடுக்கவும் செய்தால் சுழி அடைத்துக் கறுப்புக் கட்டியாகும்.

மாணவிக்குச் சொன்ன விடை

சுவரொட்டியை எடுத்துவிட்டுத் தெளிந்த எழுத்தில் வேறொன்று ஒட்டினோம். வடிவமைத்த இளைஞரும் செய்தியைக் கேட்டு மகிழ்ச்சியோடு மாற்றிக் கொடுத்தார். தேய்ந்த எழுத்துருவை நான் வெறுக்கவில்லை. ஒரு கதையின் அட்டைக்கோ நாடக அறிவிப்புக்கோ அது பொருந்தலாம். முன்னோரைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லும் இடத்தில் அது வேண்டாம் என்றே எண்ணினேன்.

அந்த மாணவிக்கு விரிவுரை ஆற்றவில்லை. வகுப்பில் ஆளுக்கோர் அழிப்பான் கொடுத்து, தம் பெயரின் முதலெழுத்தை இடம்வலமாகச் செதுக்கச் சொன்னேன். முத்திரை மை தொட்டு வெள்ளைத் தாளில் பதித்தார்கள். ஒருவருக்கும் முதல்முறை சரியாக வரவில்லை. சிலர் அழுத்திப் பார்த்தனர். சிலர் மையைக் கூட்டினர். அவளுடைய எழுத்தின் ஒரு மூலை மட்டும் விழவே இல்லை. நான்கு முறை பதித்துப் பார்த்தாள். பிறகு நான் சொல்லாமலேயே ஒரு தாள் துண்டைக் கிழித்து, மடித்து, படாத மூலைக்கு நேராக அழிப்பானின் முதுகில் ஒட்டி, மீண்டும் அழுத்தினாள். எழுத்து முழுதாக விழுந்தது.

"ஐயா, இப்ப சரியா வந்திருச்சு!" என்று தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"அவங்களும் இப்படித்தாம்மா செஞ்சாங்க," என்றேன்.